கிரேட் 1க்கு இன்டர்நெஷனல் ஸ்கூல்ல போட்டா கம்பஸ் கிடைக்காதோ?

வெள்ளவத்தையில இருக்கிற ஒரு தாய் கேட்டிருக்கிறா. மகன் வாற வருஷம் கிரேட் 1. பக்கத்துக் கவர்மென்ட் ஸ்கூல்ல புள்ளி போதாமல் லிஸ்ட்டில பேர் வரேல்ல. புருஷன் கட்டாரில வேலை. ஒழுங்கை முனையில ஒரு பழைய வீட்டை எடுத்து நடத்துற சின்ன இன்டர்நெஷனல் ஸ்கூல் ஒண்டு, மாசம் முடிய முதல் கட்டினா அட்மிஷன் காசில குறைப்பமெண்டு சொல்லுதாம். இன்னொரு பக்கம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர், 3 லட்சம் தந்தா பேர்போன தனியார் ஸ்கூல் ஒண்டில இடம் எடுத்துத் தாறன் எண்டு நிக்கிறாராம். அவவின்ர பயம் இதுதான்: இன்டர்நெஷனல்ல போட்டா பிறகு மகன் இங்கத்தைய கம்பஸுக்கு, அதாவது அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு, போகேலாதோ?

தங்கச்சி, முதல்ல அந்த 3 லட்சத்துக்காரரை விடுங்கோ. ஒரு சதமும் குடுக்க வேண்டாம், அட்வான்ஸ் எண்டும் வேண்டாம். எனக்குத் தெரிஞ்சு இவயள் செய்யிறது ஒரே வேலைதான். பத்துப் பெற்றோரிட்ட வாங்குவினம், அதில ரெண்டு மூண்டு பிள்ளைக்கு எப்பிடியும் தன்பாட்டில இடம் கிடைக்கும், அதைத் தாங்கள் எடுத்துக் குடுத்ததெண்டு சொல்லுவினம், மிச்சப் பேருக்கு அடுத்த வருஷம் பாப்பம் எண்டு இழுத்தடிப்பினம், காசைத் திருப்பிக் கேட்டா போன் வேலை செய்யாது. காசு கைக்குக் கை மாறினதால எழுத்தில ஒண்டும் இல்லை, உள்ள போய் ஆரைக் கேப்பீங்கள்? கவர்மென்ட் ஸ்கூல் பேரைச் சொல்லி ஆரும் காசு கேட்டா அது லஞ்சம், லஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு 1954க்கு அடிச்சுச் சொல்லலாம். தனியார் ஸ்கூலெண்டா நேர ஒஃபிசுக்குப் போய் போர்ம் வாங்குங்கோ, கட்டுறதை ஸ்கூலின்ர பேரில இருக்கிற பாங்க் எக்கவுண்டுக்குக் கட்டுங்கோ, ரிசீட்டில எந்தக் காசு எதுக்கு எண்டு எழுதி வாங்குங்கோ. ஒருத்தரின்ர சொந்தப் பேரில இருக்கிற எக்கவுண்ட் நம்பரைத் தந்தா அங்கயே எழும்பி வாங்கோ.

இப்ப உங்கட கேள்வி. கொழும்பில காசு கட்டிப் படிக்கிற ஸ்கூல் ரெண்டு வகை, ரெண்டையும் எல்லாரும் பிரைவேட் எண்டு ஒரே பேரில சொல்லுறதாலதான் குழப்பம். ஒண்டு, கல்வி அமைச்சு அங்கீகரிச்ச பழைய தனியார் ஸ்கூலுகள், 1960, 61ல அரசாங்கம் ஸ்கூலுகளை எடுக்கேக்க தனியாராவே நிண்டது. பொரளை வெஸ்லி, கல்கிசை சென் தோமஸ் எல்லாம் இதுக்க வரும். இங்க லோக்கல் சிலபஸ், கிரேட் 5 புலமைப்பரிசில் சோதினை, லோக்கல் ஓ லெவல், ஏ லெவல், கவர்மென்ட் ஸ்கூல் மாதிரியேதான் பாதை. மற்றது இன்டர்நெஷனல். இது சட்டத்தில ஸ்கூலே இல்லை, கொம்பனி. 1961ல வந்த சட்டம் 5 வயசு தொடங்கி 14 வயசு வரையான பிள்ளைகளுக்குப் புதுசா தனியார் ஸ்கூல் திறக்க விடேல்ல, அதால பிறகு வந்ததுகள் கொம்பனிச் சட்டத்தில பதிஞ்சு நடக்குது. அறுபது வருஷத்துக்கு மேலாச்சு, கொழும்பில தடக்கி விழுந்தா ஒரு இன்டர்நெஷனல், அதுக்க எங்கட பிள்ளைகள் எத்தினை பேர் படிக்குதுகள், இன்னும் அந்தச் சட்டத்தை ஒழுங்கு பண்ணி, ரீச்சருக்கு என்ன தகுதி வேணும், காசை எவ்வளவு கூட்டலாம், தாய் தகப்பன் எங்க போய் முறைப்பாடு வைக்கலாம் எண்டு ஒரு வரியைச் சேர்க்க ஆருக்கும் மனம் வரேல்ல. அமைச்சுக்குப் போனா அது எங்கட கீழ இல்லை எண்டுவினம். கொம்பனிப் பதிவாளரிட்டப் போனா பதிவு மட்டும்தான் எங்கட வேலை எண்டுவினம். நடுவில நிக்கிறது நீங்களும் பிள்ளையும்.

கம்பஸ் விஷயம். இன்டர்நெஷனல் பிள்ளைகள் எழுதுற லண்டன் ஏ லெவல் (கேம்பிரிட்ஜ், எடெக்ஸெல் எண்ட இங்கிலாந்துச் சோதினைகள்) றிசல்ட்ஸை வச்சு இங்கத்தைய அரசாங்கக் கம்பஸுக்கு வழமையான வழியால போடேலாது, அது லோக்கல் ஏ லெவலின்ர இசட் ஸ்கோரை (பாடங்களின்ர புள்ளியைச் சமப்படுத்தி எடுக்கிற கணக்கு) பாத்துத்தான். ஆனா இன்டர்நெஷனல்ல படிச்ச பிள்ளை லோக்கல் ஏ லெவலை பிரைவேட் கண்டிடேட்டா, ஸ்கூலால இல்லாமல் தனிய விண்ணப்பிச்சு, எழுதலாம், எழுதிக் கம்பஸ் போகலாம். இதைத்தான் ஸ்கூல்காரர் உங்களுக்குப் பெரிசா சொல்லுவினம், கதவு திறந்துதான் இருக்கெண்டு. திறந்துதான் இருக்கு, ஆனா அதால எவ்வளவு பேர் போகேலும் எண்டதையும் யோசியுங்கோ. பிள்ளை கிரேட் 1லயிருந்து பத்துப் பதினொரு வருஷம் கேம்பிரிட்ஜ் இல்லாட்டி எடெக்ஸெல் சிலபஸில பழகினது, கேள்வி கேக்கிற முறையே வேற, லோக்கல் ஏ லெவல் பயோ, கெமிஸ்ட்ரி, பிஸிக்ஸ் எண்டா பாடப்பரப்பு கனக்க. இங்கிலிஷ் மீடியத்தில எழுதலாம்தான், ஆனா நல்ல ரியூசன் ரீச்சர்மார், பாஸ்ட் பேப்பர் கிளாஸ் எல்லாம் கூட சிங்களத்திலயும் தமிழிலயும்தான் இருக்கு. அதுக்கு மேல, கம்பஸ் இடத்தில 40 வீதம்தான் முழு நாட்டுக்கும் பொதுவான மெரிட், 55 வீதம் மாவட்டத்துக்கு மாவட்டம் பிரிக்கிறது, 5 வீதம் பின்தங்கின மாவட்டங்களுக்கு. கொழும்பு மாவட்டத்தில மெடிசினுக்கு வெட்டுப்புள்ளி எவ்வளவு உயரத்தில நிக்குமெண்டு தெரியும் தானே. அப்ப கெட்டிக்காரப் பிள்ளை, 16 வயசில சிலபஸ் மாத்தி ரெண்டு வருஷம் உயிரைக் குடுத்துப் படிக்கத் தயாரெண்டா அந்த வழி இருக்கு. இல்லையெண்டா ஸ்லிட், என்எஸ்பிஎம் மாதிரி காசு கட்டிப் படிக்கிற இடங்கள் லண்டன் ஏ லெவலை எடுக்கும், இல்லாட்டி வெளிநாடு. அதுக்கான காசு 13 வருஷத்துக்குப் பிறகு உங்களிட்ட இருக்குமோ எண்டதை இண்டைக்கே அவரோட கதைச்சு முடிவெடுங்கோ. ஸ்கூல்காரரிட்டக் கேட்டு முடிவெடுக்கிற விஷயமில்லை இது.

சில இன்டர்நெஷனல்ல லோக்கல் சிலபஸும் இங்கிலிஷ்ல படிப்பிக்கினம். அதையும் கேட்டுப் பாருங்கோ.

இனி ஒழுங்கை முனை ஸ்கூல். நான் கேக்கச் சொல்லுறது முக்கியமா ஒண்டு: இந்தக் கட்டிடத்தில எத்தினையாம் கிரேட் வரைக்கும் இருக்கு, போன வருஷம் கடைசி வகுப்பு முடிச்ச பிள்ளைகள் இப்ப எங்க? கிரேட் 5ஓட நிக்கிற இடமெண்டா பத்து வயசில திரும்பவும் அட்மிஷன் காசு, திரும்பவும் டிப்போசிட், திரும்பவும் இன்டர்வியூ. அதோட புலமைப்பரிசில் எழுதி நல்ல கவர்மென்ட் ஸ்கூலுக்குப் போகலாமெண்டும் நினைக்க வேண்டாம், அந்தச் சோதினை அரசாங்க ஸ்கூல் பிள்ளைகளுக்கும் அங்கீகரிச்ச தனியார் ஸ்கூல் பிள்ளைகளுக்கும்தான்.

போர்டில கேம்பிரிட்ஜ் எண்டு பெரிசா போட்டிருக்கும். கேம்பிரிட்ஜ் புத்தகம் வாங்கிப் படிப்பிக்கிறது வேற, கேம்பிரிட்ஜில பதிஞ்ச ஸ்கூலா இருக்கிறது வேற. கேம்பிரிட்ஜின்ர வெப்சைட்டில பதிஞ்ச ஸ்கூலுகளைத் தேடிப் பாக்கலாம், போனிலயே பாக்கலாம். அங்க பேர் இல்லையெண்டா, சோதினை எழுத வேற சென்டருக்குத்தான் போக வேணும், அதுக்கு வேற காசு. கொம்பனிப் பேரையும் கொம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில தேடுங்கோ, ஒன்லைன்லயும் தேடலாம், ஒஃபிஸ் கொழும்பு 10ல டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில இருக்கு. ரிசீட்டில அடிச்சிருக்கிற பேரும் அங்க இருக்கிற பேரும் ஒண்டா இருக்க வேணும்.

மாசக் கடைசி டிஸ்கவுண்டுக்கு ஓட வேண்டாம். கட்ட முதல் எழுத்தில கேளுங்கோ: டிப்போசிட் எப்ப திரும்பும், எத்தினை மாசம் முதல் நோட்டீஸ் குடுக்க வேணும், வருஷத்துக்கு எவ்வளவு கூட்டுவீங்கள், தவணைக் காசுக்க புத்தகம், சோதினை, கொன்சர்ட் எல்லாம் அடங்குதோ. வாயால சொல்லி எழுதித் தராட்டி அந்த டிஸ்கவுண்டில உங்களுக்கு லாபமில்லை. டிப்போசிட்டை ஏமாத்தினா பாவனையாளர் அதிகாரசபைக்கு 1977க்கு அடிச்சு முறைப்பாடு வைக்கப் பாருங்கோ, ஆனா அதுக்கும் கடதாசி இருந்தாத்தான் கதைக்கலாம்.

ஸ்கூல் விடுற நேரம் ஒருக்காப் போய் கேற்றடியில நில்லுங்கோ. பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மாரிட்ட, போன வருஷம் இருந்த வகுப்பு ரீச்சர் இப்பவும் இருக்கிறாவோ எண்டு கேளுங்கோ. ரீச்சர்மார் தவணைக்குத் தவணை மாறுற இடத்தில சின்னப் பிள்ளை எழுத்துப் பழகாது. ஒரு கிரேட் 2 பிள்ளையின்ர கொப்பியை வாங்கிப் பாருங்கோ, திருத்தினதோ சும்மா சரி போட்டதோ எண்டு பாத்தவுடன தெரியும். தமிழ் கிழமைக்கு எத்தினை பாடம், ஆர் படிப்பிக்கிறா எண்டும் கட்டாயம் கேளுங்கோ. கிழமைக்கு ஒரு பாடமெண்டா பிள்ளை எட்டு வயசில அம்மம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதாது, பிறகு ரியூசன் போட்டுத்தான் தமிழ் படிப்பிக்க வேணும், வெள்ளவத்தையில அப்பிடி எத்தினை பிள்ளைகள் இருக்கினம்.

உங்கட நிலைமைக்கு நான் சொல்லுறது: காசுக்கு இறுக்கமெண்டா, அங்கீகரிச்ச தனியார் ஸ்கூல் ரெண்டு மூண்டுக்கு நேர போய் இந்தக் கிழமையே போர்ம் குடுங்கோ, இடமில்லை எண்டு சொன்னாலும் வெய்ட்டிங் லிஸ்ட்டில பேரைப் போடுங்கோ. கவர்மென்ட் ஸ்கூலுக்கு அப்பீல் நாள் முடியேல்லையெண்டா கரண்ட் பில், தண்ணி பில், வாக்காளர் பட்டியல் எல்லாத்தையும் சேர்த்து அப்பீலும் போடுங்கோ. பேர் வராட்டி பக்கத்தில அவ்வளவு பேரில்லாத தமிழ் மீடியம் கவர்மென்ட் ஸ்கூலையும் ஒருக்காப் போய்ப் பாருங்கோ, அஞ்சு வயசுப் பிள்ளைக்கு நல்ல ரீச்சர் கிடைச்சா காணும். இன்டர்நெஷனல்தான் எண்டு முடிவெடுத்தா, ஏ லெவல் வரைக்கும் ஒரே இடத்தில இருக்கிற, சோதினைச் சென்டரா பதிஞ்ச ஒண்டைப் பாருங்கோ. ஒழுங்கை முனை ஸ்கூலுக்கு இப்போதைக்குக் கட்ட வேண்டாம்.