பெயரேடு உள்ள சேவையும் இல்லாத சேவையும்

மதிப்புக்குரிய ஐயா,

விடுமுறைக்கு வட மாகாணத்திலுள்ள எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். பிள்ளை பெற்ற தங்கையைப் பார்க்கக் குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வந்தார். குழந்தையின் எடையைக் குறித்தார், அடுத்த தடுப்பூசித் திகதியைச் சொன்னார். அதே வீட்டில் நீண்டகாலமாக நீரிழிவோடு இருக்கும் அம்மா, பக்கத்தில் அரச வைத்தியசாலை இருந்தும், விடியற்காலைப் பேருந்தில் நகரத்துப் பெரிய வைத்தியசாலைக்குப் போய், மதியம்வரை வாங்கில் காத்திருந்து, மாதக் குளிசையோடு திரும்புகிறார். ஒரே சுகாதாரச் சேவைக்குள் ஏன் இந்த வேறுபாடு? பணம் போதாதா, நிர்வாகம் போதாதா? முழுவதையும் மாகாணத்திடம் கொடுத்தால் சீராகும் என்கிறார்களே? அம்மாவைப் பக்கத்து வைத்தியசாலைக்கு மாற்றலாமா?

க., ரொறன்ரோ

அன்புள்ள க.,

உங்கள் வீட்டுக்குள் நீங்கள் கண்டவை, சுகாதார அமைச்சு என்ற ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நோக்கத்தோடு தொடங்கி இன்றுவரை முழுமையாக இணையாத இரண்டு சேவைகள். தங்கையிடம் வந்தது நோய்த்தடுப்புச் சேவை. அம்மா தேடிப் போவது நோய் தீர்க்கும் சேவை.

தடுப்புச் சேவையின் இன்றைய வடிவம் 1926இல் களுத்துறையில் தொடங்கப்பட்ட சுகாதார அலகிலிருந்து வருகிறது. றொக்பெல்லர் மன்றம் என்ற அமெரிக்க அறக்கொடை அமைப்பின் உதவியோடு அமைந்த அந்த அலகின் அடிப்படை எளிமையானது: ஒரு நிலப்பரப்புக்கு எல்லை வகுத்து, அதற்குள் வாழ்வோர் நோயாளியாக வந்தாலும் வராவிட்டாலும் அவர்கள் அனைவருக்கும் ஒரு சுகாதார வைத்திய அதிகாரியைப் பொறுப்பாக்குவது. இன்று நாடு முழுவதும் சுமார் 350 பிரிவுகள் அவ்வாறு உள்ளன. ஒவ்வொரு பிரிவிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு ஒரு பகுதி. குடும்பநல உத்தியோகத்தருக்கு அதைவிடச் சிறிய, ஏறத்தாழ 3,000 பேர் வாழும் ஒரு பகுதி. அவருடைய பதிவேட்டில் குழந்தை பெறும் வயதிலுள்ள தம்பதியர், கருவுற்ற தாய்மார், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என எல்லோரும் பெயரோடு இருக்கிறார்கள். தங்கை கிளினிக்குக்கு வராவிட்டால், வராதவர் இன்னார் என்பது அந்தப் பதிவேட்டில் தெரிந்துவிடும். ஒரு தாய் பிரசவத்தில் இறந்தால், அந்த மரணம் ஏன் நிகழ்ந்தது என்று பிரிவிலிருந்து தேசிய மட்டம்வரை விசாரிக்கப்படும். செல்வந்த நாடு அல்லாத இலங்கையில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்குத் தாய் மரணம் 30 அளவுக்குக் குறைந்ததில் இந்தப் பதிவேட்டுக்குள்ள பங்கை, புதிய கட்டடங்களைத் திறந்துவைப்போர் அதிகம் பேசுவதில்லை.

மலேரியாவின் கதையும் இதையே காட்டுகிறது. 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளிகளே பதிவாயினர். கண்காணிப்புத் தளர்ந்தது, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பெருந்தொற்று திரும்பிவந்தது. பின்னர் ஒவ்வொரு நோயாளியையும் தனித்தனியே தேடிக் கண்டறியும் ஒழுங்கு இறுக்கமான பிறகே, 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

வைத்தியசாலைகளின் வரலாறு வேறு. 1858இல் உருவான சிவில் வைத்தியத் திணைக்களத்திலிருந்து வளர்ந்த அந்த அமைப்பு, தேசிய வைத்தியசாலை, போதனா வைத்தியசாலைகள், மாவட்டப் பொது வைத்தியசாலைகள், ஆதார வைத்தியசாலைகள், பிரதேச வைத்தியசாலைகள், ஆரம்ப மருத்துவப் பராமரிப்பு அலகுகள் எனப் படிப்படியாக அடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் கீழ்ப்படியில் ஏறித்தான் மேற்படிக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் நோயாளிக்கு இல்லை. யாரும் எந்த வைத்தியசாலைக்கும் கடிதமின்றி, கட்டணமின்றிப் போகலாம். இதை நான் குறையாக மட்டும் பார்க்கவில்லை. கூலித் தொழிலாளி ஒருவர் நேரே பேராசிரியரின் கிளினிக்கில் போய் நிற்க முடிகிற நாடுகள் அதிகமில்லை. ஆயினும், உங்கள் அம்மா யாருடைய பொறுப்பு என்ற கேள்விக்கு இந்த அமைப்பில் விடை கிடையாது. அவர் மூன்று மாதம் கிளினிக்குக்குப் போகாவிட்டால் அதைக் கவனிக்க ஒருவரும் இல்லை, ஏனெனில் அவருடைய வரலாறு முழுவதும் அவர் கைப்பையிலுள்ள கிளினிக் கொப்பியில் இருக்கிறது. பிரித்தானியாவில் ஒவ்வொருவரும் ஒரு குடும்ப மருத்துவரின் பட்டியலில் இருப்பதுபோல, இங்கே நோய் தீர்க்கும் சேவையில் வளர்ந்தவர்களுக்குப் பொதுவான பெயரேடு இல்லை. பெரிய வைத்தியசாலை விடுதிகளில் நெரிசலும் சிறிய வைத்தியசாலைகளில் ஆளில்லாக் கட்டில்களும் ஒரே மாவட்டத்தில் இருப்பதற்கு இதுவே முதற்காரணம். நெரிசலுக்கு அஞ்சுவோர் மாலையில் தனியார் மருத்துவ நிலையத்துக்குப் போகிறார்கள். பல வேளைகளில் அங்கே இருப்பவரும் காலையில் அரச வைத்தியசாலையில் கடமையாற்றியவர்தான். விடுதியில் தங்கிச் சிகிச்சை பெறுவோரில் மிகப் பெரும்பாலோரை அரசாங்கமே தாங்குகிறது. வெளிநோயாளர் சிகிச்சையில் ஏறத்தாழ அரைவாசி தனியாரிடம் போய்விட்டது.

மாகாணத்திடம் கொடுத்தால் சீராகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாகாண சபைகளை உருவாக்கிய, அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தத்துக்குப் பின் பெரும்பாலான வைத்தியசாலைகளும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும் மாகாணத்தின் கீழ் வந்தன. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போன்ற போதனா வைத்தியசாலைகள் மத்திய அமைச்சிடம் இருக்கின்றன. ஆனால் மாகாண வைத்தியசாலைக்கும் மருத்துவரை நியமிப்பதும் இடம் மாற்றுவதும் கொழும்பு. மருந்தின் பெரும்பகுதியை வாங்கி அனுப்புவதும் கொழும்பிலுள்ள மருத்துவ வழங்கல் பிரிவு. செலவுக்கான நிதியிலும் பெரும்பகுதி மத்தியிலிருந்தே வருகிறது. மாகாணத்தின் கையில் முக்கியமாகக் கட்டடமும் அன்றாட நிர்வாகமும் இருக்கின்றன. தன் வைத்தியசாலைக்கு மருத்துவ நிபுணர் எப்போது வருவார், எப்போது போவார் என்பதைத் தீர்மானிக்க முடியாத, மாவட்டச் சுகாதாரத்துக்குப் பொறுப்பான பிராந்தியப் பணிப்பாளரிடம் நெரிசலைக் குறைக்கச் சொல்வதில் பயனில்லை. ஆகவே அதிகாரப் பகிர்வு வேண்டுமென்றே நினைக்கிறேன், ஆனால் அம்மாவின் பெயர் ஒரு பதிவேட்டில் ஏறுவதற்கு அது மட்டும் போதாது.

பணமும் காரணம்தான். அரசாங்கம் சுகாதாரத்துக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 2 வீதமோ அதற்கும் குறைவாகவோதான் இருந்துவருகிறது. 2022இல் அந்நியச் செலாவணி தீர்ந்தபோது மருந்துத் தட்டுப்பாடு வந்தது, மருத்துவர் பலர் நாட்டைவிட்டுச் சென்றனர். எனினும் தடுப்பூசித் திட்டமும் இதே வறிய பாதீட்டிலிருந்துதான் நடக்கிறது என்பதால், பணத்தை மட்டும் காரணமாக்க எனக்கு மனம் வரவில்லை.

நீரிழிவு போன்ற தொற்றா நோய்களுக்கும் பெயரேட்டு முறை வேண்டும் என்பது அமைச்சுக்குத் தெரியாததல்ல. 2011 முதல் வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்கள் திறக்கப்பட்டு, நடுவயதினருக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பரிசோதிக்கப்படுகின்றன. அவை பெரும்பாலும் அலுவலக நேரத்தில் இயங்குவதால் வேலைக்குப் போகும் ஆண்கள் வருவது குறைவு. ஓர் ஆதார வைத்தியசாலையைச் சுற்றியுள்ள சிறிய வைத்தியசாலைகளை ஒரே கொத்தணியாக இணைத்து, ஒவ்வொன்றுக்கும் குறிப்பிட்ட மக்கள்தொகையைப் பொறுப்பாக்கும் திட்டமும் வகுக்கப்பட்டுள்ளது. நான் நம்பிக்கை வைப்பது இதில்தான்.

அம்மாவைப் பற்றி: சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுப்பாட்டில் இருந்து, சிறுநீரகத்திலோ கண்ணிலோ காலிலோ சிக்கல் இல்லாவிட்டால், பெரிய வைத்தியசாலைக் கிளினிக் மருத்துவரிடம் பக்கத்து வைத்தியசாலைக்கு ஒரு கடிதம் கேட்டுப் பெறுங்கள். அதற்கு முன், அம்மா பாவிக்கும் குளிசைகள் எல்லாம் அங்கே வழங்கப்படுகின்றனவா என்று மருந்தகத்தில் விசாரியுங்கள். சிறிய வைத்தியசாலைகளின் மருந்துப் பட்டியல் குறுகியது, இன்சுலின் எடுப்பவரென்றால் இது இன்னும் முக்கியம். பழைய கொப்பியை எறிய வேண்டாம், அதன் நிழற்படப் பிரதி ஒன்று உங்களிடமும் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை நிபுணரைப் பார்க்க நகரத்துக்குப் போனால் போதுமா என்பதையும் அந்த மருத்துவரிடமே கேளுங்கள்.