சுவாச வைரஸ்களும் மருந்துகளும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

வைரஸ் எதிர்ப்பு மருந்துகளை ஆய்வகத்தில் சோதிப்பது என் வேலை. ஃப்ளூ, கொரோனா, சாதாரண சளி பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். யார் எந்த மருந்து சாப்பிடலாம் என்பதை மட்டும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

சோப்புத் தண்ணீரிலேயே போய்விடும் கொரோனாவுக்கு மாத்திரை கண்டுபிடிக்க ஏன் இவ்வளவு பாடு?

கொரோனா, ஃப்ளூ, ஆர்எஸ்வி (குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஒரு சுவாச வைரஸ்) மூன்றுக்கும் வெளியே கொழுப்பு உறை உண்டு. சோப்பு அதைக் கரைத்துவிடும். உறை போனால் வைரஸ் செல்லுக்குள் நுழைய முடியாது. சிக்கல் என்னவென்றால், அந்த உறையே நம் செல்லிலிருந்து எடுத்ததுதான். அதைக் கரைக்கும் பொருள் உடம்புக்குள் போனால் நம் செல்லையும் சேர்த்துக் கரைக்கும். உள்ளே நுழைந்த பிறகு வைரஸ் நம் ரைபோசோமை வைத்தே புரதம் செய்துகொள்கிறது, அதையும் தொட முடியாது. மிஞ்சுவது வைரஸுக்கே சொந்தமான சில நொதிகள். ரெம்டெசிவிர் என்ற மருந்து, வைரஸின் மரபுப் பொருளான ஆர்என்ஏவை நகலெடுக்கும் நொதியைக் குறிவைக்கிறது. நிர்மாட்ரெல்விர் என்ற மருந்து, புரதத்தை வெட்டும் நொதியை அடைக்கிறது. கொரோனாவிடம் பிழை திருத்தும் நொதி ஒன்றும் இருக்கிறது; நகலாகும் ஆர்என்ஏ சங்கிலியில் மருந்து ஒரு போலி எழுத்தைச் செருகினால் அது வெட்டி எறியப் பார்க்கும். ரெம்டெசிவிர் உடனே சங்கிலியை நிறுத்துவதில்லை. மேலும் மூன்று எழுத்து சேர்ந்த பிறகே நிறுத்துகிறது. அதனால் அந்த நொதியிடமிருந்து மருந்து ஓரளவு தப்பிக்கிறது.

95 சதவீத ஆல்கஹால் சானிடைசர் இன்னும் நல்லதுதானே?

இல்லை. 60 முதல் 80 சதவீதம்தான் நல்லது. புரதம் குலைவதற்குத் தண்ணீரும் வேண்டும். அப்புறம், சளி உண்டாக்கும் ரைனோ வைரஸுக்கு உறை கிடையாது, அதனிடம் ஆல்கஹால் அவ்வளவாக எடுபடாது. கையைத் தேய்த்துக் கழுவுங்கள்.

ஒரு தாவரச் சாறு ஆய்வகத்தில் வைரஸை 99 சதவீதம் அழித்ததாகச் செய்தி படித்தேன். ஏன் இன்னும் மருந்தாக வரவில்லை?

செய்தி உண்மையாகவே இருக்கலாம். மருந்து என்று சொல்ல அது போதாது, அவ்வளவுதான். சாற்றை எப்போது சேர்த்தார்கள் என்று முதலில் பார்ப்பேன். வைரஸோடு நேரடியாகக் கலந்து வைத்திருந்தால் சோப்பும் அதே முடிவைத் தரும். செல்லுக்குள் தொற்று தொடங்கிய பிறகு சேர்த்தும் பெருக்கம் குறைகிறதா என்பதுதான் கேள்வி. செல்கள் உயிரோடு இருந்தனவா என்றும் பார்க்க வேண்டும். செல் செத்துவிட்டால் வைரஸ் பெருக இடமே இல்லை, எண்ணிக்கை தானாகக் குறையும். அதனால் பாதி செல்களைக் கொல்லும் அளவை, வைரஸைப் பாதியாகக் குறைக்கும் அளவால் வகுத்துப் பார்ப்போம். விடை 2, 3 என்று வந்தால் நான் விட்டுவிடுவேன். 100ஐத் தாண்டினால் உட்கார்ந்து வேலை பார்ப்பேன்.

எந்தச் செல்லில் சோதித்தார்கள் என்பது இன்னும் முக்கியம். 2020இல் மலேரியா மருந்தான குளோரோகுயின், குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த வீரோ செல்களில் கொரோனாவை நன்றாகத் தடுத்தது. அந்தச் செல்லுக்குள் வைரஸ் முதலில் ஒரு சிறு பைக்குள் அடைபட்டுத்தான் நுழைகிறது; பையிலிருந்து வெளிவர அதற்குள் அமிலம் ஏற வேண்டும், அதைக் குளோரோகுயின் கெடுத்துவிடும். மனித நுரையீரல் செல்லின் மேற்பரப்பில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற நொதி இருக்கிறது. அதன் உதவியால் வைரஸ் பைக்குள் போகாமலே நுழைந்துவிடும். நுரையீரல் செல்களில் சோதித்தபோது குளோரோகுயின் தடுக்கவில்லை. அதே ஆண்டு ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளுக்கு, குளோரோகுயினின் நெருங்கிய உறவான ஹைட்ராக்ஸிகுளோரோகுயினால் பலனில்லை என்று அறிவித்தது. அதற்குள் எத்தனை பேருக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

தடுப்பூசிக்காக வைரஸைச் செயலிழக்கச் செய்ய எதைப் பயன்படுத்தினால் என்ன? செத்தால் சரிதானே?

சரியில்லை. 1960களில் ஆர்எஸ்வி வைரஸை ஃபார்மலினால் செயலிழக்கச் செய்து அமெரிக்காவில் குழந்தைகளுக்குப் போட்டார்கள். வைரஸ் செத்திருந்தது, ஊசியால் யாருக்கும் தொற்று வரவில்லை. ஆனால் பிறகு இயற்கையாகத் தொற்று வந்தபோது, ஒரு சோதனையில், ஊசி போட்டுத் தொற்றிய குழந்தைகளில் 80 சதவீதம் பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். ஊசி உண்டாக்கிய எதிர்ப்புப் புரதங்கள் வைரஸில் ஒட்டின, ஆனால் அதைத் தடுக்கவில்லை. செல்லோடு இணைய வைரஸ் பயன்படுத்தும் எஃப் புரதம் இணைவதற்கு முன் ஒரு வடிவம், பின் வேறு வடிவம். முன் வடிவம் எளிதில் குலைந்துவிடும். வலுவான எதிர்ப்பு அதற்கு எதிராகத்தான் உருவாக வேண்டும். அந்தத் தடுப்பூசியில் அது கிட்டத்தட்ட இல்லை. முன் வடிவத்தின் அமைப்பு 2013இல்தான் துல்லியமாகத் தெரிந்தது. அதைக் குலையாமல் நிறுத்தி வைத்துச் செய்த தடுப்பூசிகளுக்கு 2023இல் அனுமதி கிடைத்தது. வைரஸைக் கொல்வதற்கு ஒரு முறையைத் தேர்ந்தெடுக்கும்போது, எது சிதையாமல் மிஞ்சுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியது இதனால்தான்.

குணமாகி இரண்டு வாரம் ஆகியும் பிசிஆர் பாசிட்டிவ். இன்னும் பரப்புவேனா?

பிசிஆரை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. அது தேடுவது ஆர்என்ஏ துண்டை மட்டும். செத்த வைரஸின் துண்டும் பாசிட்டிவ் காட்டும். எங்கள் வேலையிலும் வைரஸ் செயலிழந்ததா என்று பார்க்கப் பிசிஆரை நம்புவதில்லை. செல்லில் வளர்த்துப் பார்ப்போம்.

ஃப்ளூ மாத்திரையை ஏன் 48 மணி நேரத்துக்குள் தொடங்கச் சொல்கிறார்கள்?

ஓசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ மாத்திரை, புதிய வைரஸ்கள் செல்லை விட்டுப் பிரிந்து போவதைத் தடுக்கிறது. முதல் இரண்டு மூன்று நாளில் வைரஸ் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிவிடும். அதன் பிறகு தடுக்க அதிகம் மிஞ்சாது. சீக்கிரம் தொடங்கினாலும் சாதாரண ஃப்ளூவில் ஒரு நாள் அளவுக்குத்தான் காய்ச்சல் குறையும். ஆபத்தான நிலையில் இருப்பவர்களுக்குத் தாமதமானாலும் மருத்துவர்கள் கொடுப்பார்கள்.

பழைய ஃப்ளூ மருந்து அமண்டடின் என்ன ஆயிற்று?

வைரஸ் தப்பித்துவிட்டது. அந்த மருந்து அடைக்கும் எம்2 என்ற வைரஸ் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலே போதும். அந்த மாற்றம் எங்கும் பரவிவிட்டதால் இப்போது ஃப்ளூவுக்கு அதை யாரும் பரிந்துரைப்பதில்லை.

சாதாரண சளிக்கு மட்டும் ஏன் மருந்தே இல்லை?

ரைனோ வைரஸில் மட்டும் 160 வகைக்கு மேல் உண்டு. தடுப்பூசிக்கு அதுவே பெரிய தடை. மருந்துக்கு ஒரு நல்ல முயற்சி நடந்தது. பிளெகோனரில் என்ற மருந்து வைரஸின் ஓட்டில் உள்ள குழியில் போய் உட்கார்ந்து, ஓடு திறக்க விடாமல் செய்யும். சளியை ஒரு நாள் அளவுக்குக் குறைக்கவும் செய்தது. ஆனால் அது கல்லீரல் நொதியைத் தூண்டி, கருத்தடை மாத்திரைகளின் பலனைக் குறைக்கும் என்று தெரிந்ததால் 2002இல் அமெரிக்காவில் அனுமதி மறுத்தார்கள். ஒரு வாரத்தில் தானாகப் போகும் நோய்க்கு இந்த அளவு ஆபத்தைக்கூட ஏற்க முடியாது என்ற அந்த முடிவு எனக்குச் சரியென்றே படுகிறது.