இருமும்போதா, கதவருகிலா? சிறுநீர்க் கசிவை மருத்துவரிடம் சொல்லும் முறை

கேள்வி: எனக்கு வயது 52. பள்ளி ஆசிரியை. இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறது. சில நாட்களில் வீட்டுக் கதவைத் திறப்பதற்குள் வந்துவிடுகிறது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். மருத்துவரிடம் இரண்டு முறை போயும், மருமகள் உடனிருந்ததால் ‘இடுப்பு வலி’ என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன். இதை எப்படித்தான் சொல்வது?

பதில்: இடுப்பு வலி என்று சொன்னால் மருத்துவர் இடுப்பைத்தான் பார்ப்பார். கூச்சத்தால் ‘நீர்க்கடுப்பு’ என்று சொல்லி, தேவையில்லாத ஆன்டிபயாடிக் மாத்திரைகளோடு வீடு திரும்புகிறவர்களும் உண்டு. ஆகவே, அடுத்த முறை உட்கார்ந்தவுடன், “எனக்குச் சிறுநீரை அடக்க முடியவில்லை, கசிகிறது” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். வாயில் வார்த்தை வராவிட்டால் தாளில் எழுதி நீட்டலாம். மருமகளை வெளியே காத்திருக்கச் சொல்வதில் தவறில்லை. பெண் மருத்துவரைக் கேட்பதும், பரிசோதனையின்போது செவிலியர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பதும் உங்கள் உரிமை.

அடுத்து, எப்போது கசிகிறது என்பதைச் சொல்ல வேண்டும். சிகிச்சையைத் தீர்மானிப்பது அதுதான். இருமல், தும்மல், பாரம் தூக்குதல் ஆகியவற்றின்போது கசிந்தால், சிறுநீர்ப்பையைத் தாங்கும் இடுப்புத் தளத் தசைகள் தளர்ந்திருப்பது பெரும்பாலும் காரணமாக இருக்கும். பிரசவமும் மாதவிடாய் நின்றபின் வரும் மாற்றங்களும் அதற்கு இடம் தருகின்றன. கதவருகே வரும்போது அடக்க முடியாமல் போவது வேறு வகை; அதில் பை நிரம்புவதற்கு முன்பே சுருங்கத் தொடங்கிவிடுகிறது. உங்கள் கடிதத்தில் இரண்டும் இருக்கின்றன. ஒன்றை மட்டும் சொன்னால் பாதிச் சிகிச்சைதான் கிடைக்கும்.

போவதற்கு முன் மூன்று நாட்களுக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள். அவற்றில் ஒன்றாவது பள்ளி நாளாக இருக்கட்டும். எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தீர்கள், எத்தனை மணிக்குச் சிறுநீர் கழித்தீர்கள், இரவில் எத்தனை முறை எழுந்தீர்கள், கசிந்தபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பவை போதும். முடிந்தால் பழைய அளவுக் குவளை ஒன்றில் பிடித்து மில்லிலிட்டரையும் குறியுங்கள். கூச்சத்தால் நீங்கள் விழுங்கிவிடுகிற செய்தியை அந்தத் தாள் சொல்லிவிடும் என்பதால், இதை நான் எந்த ஸ்கேனைவிடவும் மேலாக மதிக்கிறேன்.

மாத்திரை அட்டைகள் அனைத்தையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சில மாத்திரைகள் நீரை அதிகம் பிரியச் செய்யும். எனாலபிரில், ராமிபிரில் போன்றவை சிலருக்கு வறட்டு இருமலை உண்டாக்கி, அந்த இருமலே கசிவைக் கூட்டும். சர்க்கரை நோய்க்குத் தரப்படும் டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதால் அடிக்கடி போகவேண்டியிருக்கும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும் அப்படித்தான். எனினும் எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், “இதற்கு மாற்று உண்டா?” என்று கேளுங்கள்.

தண்ணீரைக் குறைத்துக்கொள்வது பள்ளி ஆசிரியைகள் பலரும் செய்வதுதான். ஆனால் சிறுநீர் அடர்ந்து பையை உறுத்தும். மலச்சிக்கலும் சேர்ந்து தொல்லை கூடும். குறைக்க வேண்டுமானால் காபி, தேநீரைக் குறையுங்கள்.

பெரும்பாலும் சிறுநீர்ப் பரிசோதனை, உள்பரிசோதனை, சிறுநீர் கழித்தபின் பையில் எவ்வளவு மீந்திருக்கிறது என்று பார்க்கும் ஸ்கேன் ஆகியவற்றோடு முடிந்துவிடும். உடனே அறுவை சிகிச்சை என்று அஞ்ச வேண்டாம். முதலில் தசைப் பயிற்சிதான்: வாயுவை அடக்குவதுபோல் தசையை உள்ளிழுத்து விடுவதை ஒரு வேளைக்கு எட்டு முறையாவது, தினமும் மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதங்கள் செய்ய வேண்டும். பலர் வயிற்றையும் தொடையையும் இறுக்கிவிட்டுப் பயனில்லை என்கிறார்கள், எனவே உள்பரிசோதனையின்போதே “சரியான தசையைத்தான் இறுக்குகிறேனா?” என்று கேட்டுவிடுங்கள். அவசரமாக முட்டும் வகைக்கு, கழிக்கும் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டும் பயிற்சியும், பலன் போதாவிட்டால் மாத்திரைகளும் உண்டு. அவற்றில் சில வாய் உலர்வையும் மலச்சிக்கலையும் தரும் என்பதால் பக்க விளைவுகளையும் கேட்டறியுங்கள்.

சிறுநீரில் இரத்தம் தெரிந்தால் நாள் கடத்தாமல் மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று கால் பலவீனமடைந்தாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீரே வராமல் அடைத்துக்கொண்டாலோ, மூன்று நாள் குறிப்பு எழுதி முடிக்கக் காத்திருக்காமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.