ஸ்கேனில் துணி தெரிந்த தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

அறுவை சிகிச்சையில் அம்மாவின் வயிற்றுக்குள் துணியை விட்டுவிட்டார்கள், ஆனால் வழக்குப் போடும் கெடு முடிந்துவிட்டது என்று வக்கீல் மறுத்துவிட்டார், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். கெடு முடிந்துவிட்டதாகக் கைவிடாதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 69 புகார் கொடுக்க இரண்டு ஆண்டுதான் தருகிறது. ஆனால் உங்கள் அம்மாவுக்கு நடந்ததுபோல் வயிற்றுக்குள் துணி விடப்பட்ட வழக்கில், அது தெரியவந்த நாளில் இருந்து எண்ண வாதிடலாம். அறுவை முடிந்து இரண்டு வருடம் நான்கு மாதம் என்றாலும், ஸ்கேன் எடுத்தது போன மாதம்தானே.

வக்கீல் மறுத்ததற்குக் காரணம், அவர் அறுவை நடந்த தேதியில் இருந்து எண்ணியிருப்பார்.

ஆனால் ஒன்று. இதேபோன்ற ஒரு வழக்கை உச்ச நீதிமன்றம் 2010இல் தள்ளுபடி செய்தது. ஒன்பது வருடம் வலியோடு இருந்தும் அந்த நோயாளி அறுவை செய்த மருத்துவரிடம் திரும்பப் போகவே இல்லை என்பதுதான் காரணம். அதனால் இன்றைக்கே வீட்டில் தேடுங்கள்: வலி என்று அம்மா அதே மருத்துவரிடம் போன ஓபி சீட்டு, மருந்துக் கடை பில் ஏதாவது இருக்கிறதா? வழுவழுப்பான தாளில் அடித்த பில் வெளுத்துவிடும், முதலில் ஜெராக்ஸ் எடுங்கள்.

அப்புறம் மருத்துவமனையில் கேஸ் ஷீட் (அம்மாவுக்குத் தந்த சிகிச்சையின் பதிவேடு) கேட்டு எழுத்தில் மனு கொடுங்கள். கேட்ட 72 மணி நேரத்தில் தர வேண்டும். மருத்துவர்கள் பதிவேடுகளை 3 ஆண்டு வைத்திருந்தால் போதும் என்பதால் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகாரோடு, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்தே போடுங்கள்.

எல்லோருக்குமே இலவச சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை என்றால் இந்த வழி பொருந்தாது, சிவில் நீதிமன்றம்தான்.