ஜப்பானியம் தெரிந்தவர் ஒருவர்தான் என்றால் சப்டைட்டில் வேலையை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: சத்தியவேட்டிலிருந்து எழுதுகிறேன், சார். அனிமேவுக்குத் தமிழில் சப்டைட்டில் போடும் எங்கள் குழுவில் எட்டுப் பேர். கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா, நகரி என்று ஆளுக்கொரு ஊர். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஜப்பானியம் தெரிந்தவர் ஒரே ஒருவர், ஸ்ரீசிட்டியில் ஷிப்ட் வேலை. வாரம் ஒரு எபிசோடு என்று ஆரம்பித்தோம், இப்போது மாதம் ஒன்று வருவதே பெரும்பாடு. 'இதை யார் செய்யறது?' என்று வாட்ஸ்அப்பில் கேட்டால் கட்டைவிரல்தான் வருகிறது, ஃபைல் வருவதில்லை. இன்னும் நாலு பேரைச் சேர்த்தால் சரியாகுமா?

பதில்: சேர்க்க வேண்டாம். உங்கள் குழுவில் ஆளுக்குப் பஞ்சமில்லை. எட்டுப் பேரில் ஏழு பேர் ஒருவருக்காகக் காத்திருக்கிறார்கள், அதுதான் சிக்கல். நாலு பேர் வந்தால் காத்திருப்பவர்கள் பதினொரு பேர் ஆவார்கள். வந்தவர்களுக்கு சப்டைட்டில் போடும் மென்பொருளான ஏஜிசப்பைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதும் இப்போதே வேலை பார்த்துக்கொண்டிருப்பவர் தலையில்தான் விழும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டிவியில் வரும் ஒரு எபிசோடு ஏறக்குறைய 24 நிமிடம். ஓப்பனிங், எண்டிங் பாட்டுகள் தலா ஒன்றரை நிமிடம். அவை போக மிச்சத்தில், பேச்சு அதிகமுள்ள கதையென்றால் 300 முதல் 400 வரி வரை வரும். காதால் கேட்டு, புரிந்துகொண்டு, தமிழில் எழுத மணிக்கு 50 வரி என்பதே நல்ல வேகம். ஆக ஆறிலிருந்து எட்டு மணி நேர வேலை. பி ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிச் சாப்பிட்டுப் படுக்கிறவருக்கு அந்த நேரம் எந்தக் கிழமையில் கிடைக்கும்? வார லீவில் பாதியை இதற்கே கொடுத்தாலும் இரண்டு வாரம் ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் டைமிங், எடிட்டிங் எல்லாம். மாதம் ஒன்று வருவதே அவர் புண்ணியம்.

நான் சொல்வது கொஞ்சம் தலைகீழாகப் படலாம். ஜப்பானியம் தெரிந்தவரை மொழிபெயர்ப்பாளர் நாற்காலியிலிருந்து எழுப்புங்கள். அவர் மட்டுமே செய்யக்கூடியதை மட்டும் அவரிடம் கொடுங்கள். வேறு யாராலும் செய்ய முடிந்த எதுவும் அவர் கைக்குப் போகவே கூடாது.

உங்களில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த இருவர் ஆங்கில சப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் தமிழ்ப் பிரதியை எழுதட்டும். சந்தேகம் வரும் வரியில் மட்டும் குறி வைக்கட்டும். ஏஜிசப்பில் இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. நெளி அடைப்புக்குறிக்குள் எழுதுவது திரையில் தெரியாது. எனவே வரியிலேயே இப்படி எழுதிவிடலாம்: {கேள்வி: இவன் அவளுக்கு அண்ணனா, ஸ்கூல் சீனியரா?} நீங்க போங்க, நான் வரேன். ஜப்பானியம் தெரிந்தவர் ஃபைலைத் திறந்து 'கேள்வி' என்று தேடினால் போதும். எபிசோடுக்கு நாற்பது வரி குறித்திருந்தாலும் ஒரே உட்காரலில் முடித்துவிடுவார். டீ இடைவேளையில்கூட போனில் பார்த்து வாய்ஸ் நோட்டாகப் பதில் சொல்லலாம். கடைசியில் அடைப்புக்குறிகளை அழிப்பது எடிட்டரின் வேலை. அதை மறந்துவிட்டு எளிய சப்டைட்டில் வடிவமான எஸ்.ஆர்.டி.யாக மாற்றினால் உங்கள் சந்தேகமெல்லாம் ஊர் பார்க்கத் திரையில் வந்து நிற்கக்கூடும்.

அவர் ஒருவரே செய்ய வேண்டிய பெரிய வேலை ஒன்று உண்டு. தொடர் ஆரம்பிக்கும்போதே, யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்ற பட்டியலை உட்கார்ந்து எழுதிவிட வேண்டும். ஆங்கில சப்பில் எல்லோரும் எல்லோருக்கும் 'யூ' தான். யார் நீ, யார் நீங்க, யார் வாடா போடா என்பதை ஜப்பானியப் பேச்சைக் கேட்கிற காதுதான் சொல்லும். இந்தப் பட்டியல் இல்லாமல் இருவர் பாதிப் பாதியாக எழுதினால், முதல் பாதியில் வாத்தியாரை 'நீங்க' என்றவன் இரண்டாம் பாதியில் 'நீ' என்பான். பாத்திரங்களின் பெயர், ஊர், ஆயுதம், சாப்பாடு ஆகியவற்றின் தமிழ் எழுத்துக்கூட்டலும் அதே ஷீட்டில் இருக்கட்டும். இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டெடுத்து வரிகளைக் கொட்டுகிறவர்கள் இப்போது எல்லாக் குழுவிலும் ஒருவராவது இருக்கிறார்கள். அவர்களைப் பிடித்துக் கொடுப்பதும் இந்தப் பட்டியல்தான்.

ஒன்றை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனியில் பழகிய ஜப்பானியம் பெரும்பாலும் மரியாதை நடை. அனிமேயில் பதினாறு வயதுப் பையன் பேசும் கொச்சை வேறு உலகம். அவர் ஜப்பானிய மொழித் தேர்வில் நடுநிலையான என்3 பாஸ் செய்தவராகவே இருந்தாலும் சில வரிகளில் 'தெரியலப்பா' என்பார். அதைச் சொல்ல அவருக்குக் கூச்சம் வராதபடி குழு இருக்க வேண்டும். ஊகத்தில் எழுதப்பட்ட வரியை எந்த க்யூசியும், அதாவது கடைசியாகப் பிழை பார்க்கும் சுற்றும், கண்டுபிடிக்காது.

அடுத்தது டைமிங். மொழிபெயர்ப்பு முடிந்த பிறகுதான் டைமிங் என்று வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மாற்றுங்கள். பேச்சு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறிக்க எந்த மொழியும் தெரிய வேண்டாம், காது இருந்தால் போதும். வெற்று வரிகளுக்கு முதலில் நேரம் குறித்துவிடுங்கள். எழுதுகிறவர் அந்தக் கட்டங்களை நிரப்பிக்கொண்டு போகட்டும். வரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று கண்முன் தெரிவதால் நீட்டி முழக்கியும் எழுத மாட்டார். நெட்ஃபிளிக்ஸ் தன் வழிகாட்டியில் ஒரு சப்டைட்டில் அதிகபட்சம் 7 விநாடி, இரண்டு வரிக்கு மேல் கூடாது என்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வேலைக்கு உங்கள் பக்கத்தில் ஆள் இருப்பது எனக்குத் தெரியும். 1960இல் எல்லை மாறியபோது திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, சத்தியவேடு ஆந்திராவோடு போனது. அதனால் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு என்று வளர்ந்த பிள்ளைகள் அங்கே ஏராளம். தமிழ் நன்றாகப் பேசுவார்கள், எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுவார்கள். உங்கள் குழுவிலும் அப்படி ஓரிருவர் சும்மா கட்டைவிரல் போட்டுக்கொண்டு இருப்பார்கள், என்ன செய்வதென்று தெரியாமல். அவர்களை டைமிங்கில் உட்கார வையுங்கள். எழுதி முடித்த வரிகளை யாராவது சத்தமாகப் படிக்க, இவர்கள் கேட்டுவிட்டு 'இப்படி யாரும் பேச மாட்டாங்க' என்று சொல்வதும் பெரிய உதவி. எழுத்தில் பார்க்கிறவன் விட்டுவிடும் செயற்கைத் தமிழைக் காதால் கேட்கிறவன் விட மாட்டான்.

பாட்டுகளைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். ஒரு சீசன் 12 அல்லது 13 எபிசோடு என்றால் பெரும்பாலும் அதே ஓப்பனிங், அதே எண்டிங். ஒருமுறை செய்து வைத்தால் எபிசோடுதோறும் நேரத்தை மட்டும் நகர்த்தி ஒட்டலாம். பலகை, கடிதம், போன் திரை போன்றவற்றில் உள்ள எழுத்துக்குத் தமிழ் வைக்கும் டைப்செட்டிங்கும் வசனத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வசனம் எழுதுகிற அதே நாட்களில் இவை பக்கத்தில் ஓடட்டும்.

இதெல்லாம் நடக்க ஒரு நிபந்தனை உண்டு. பெரும்பாலான சண்டைகளின் வேரும் அதுதான். எட்டுப் பேரும் ஒரே வீடியோ ஃபைலை வைத்திருக்க வேண்டும். 'அதே எபிசோடுதான்' என்றால் போதாது. டிவி ஒளிபரப்பிலிருந்து எடுத்ததில் ஸ்பான்சர் அட்டைக்கு என்று சில விநாடிகள் இருக்கும், ப்ளூரேயில் அது இருக்காது. விளம்பர இடைவேளையில் வெட்டிய இடமும் ஃபைலுக்கு ஃபைல் மாறும். எனவே முதல் பாதி கச்சிதமாக ஒத்துப்போகும், இடைவேளைக்குப் பிறகு எல்லா வரியும் சில விநாடி தள்ளி விழும். டைமர் 'நான் சரியாத்தான் வெச்சேன்' என்பார், க்யூசி 'கண்ணு தெரியலையா' என்பார். இருவர் சொல்வதும் உண்மை, ஃபைல்தான் வேறு. ஒருவர் ஒரு ஃபைலைத் தேர்ந்து டிரைவில் போடட்டும், மற்ற எல்லோரும் அதை மட்டும் இறக்கட்டும். ஒரு எபிசோடை இருவர் பங்கு போடுவதாக இருந்தாலும் அந்த இடைவேளையில்தான் பிரிக்க வேண்டும். 'முதல் 180 வரி நீ, மிச்சம் நான்' என்று எண்ணிப் பிரித்தால் ஒரு காட்சியின் நடுவில் கத்தி விழும்.

இனி உங்கள் கட்டைவிரல் பிரச்சினை. 'யார் செய்யறது?' என்று எட்டுப் பேரைப் பார்த்துக் கேட்டால் எட்டுப் பேரும் மற்ற ஏழு பேரை நினைத்துக்கொள்வார்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள், தேதி சொல்லிக் கேளுங்கள். 'ஐந்தாவது எபிசோடு டைமிங், ஞாயிறு ராத்திரிக்குள், உன்னால முடியுமா?' இதற்குக் கட்டைவிரல் பதிலாகாது. கூகுள் ஷீட்டில் ஒரு வேலைக்கு ஒரு பெயர், ஒரு தேதி, அடுத்து யாருக்குப் போகிறது. இவ்வளவு போதும். மூன்றே வார்த்தைகளைப் பழக்கிவிடுங்கள்: எடுத்தேன், முடிச்சேன், விடுறேன். இந்த மூன்றாவதுதான் முக்கியம். சம்பளமில்லாத வேலையில் ஆள் ஓடுவது சோம்பலால் அல்ல. ஒப்புக்கொண்டு முடியாமல் போனதைச் சொல்ல வெட்கப்பட்டு ஆன்லைனிலேயே வராமல் போய்விடுகிறார்கள். 'விடுறேன்' என்று சொன்னவரை யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. தேதி தாண்டி ஒரு நாள் ஆகியும் சத்தமில்லையென்றால் வேலை தானாகக் கை மாறும் என்று முதலிலேயே சொல்லிவையுங்கள். சொல்லி மாற்றினால் யாருக்கும் கோபம் வராது. சொல்லாமல் மாற்றினால் குழு உடையும்.

செமஸ்டர் பரீட்சை, ஆடிக் கிருத்திகை, ஷிப்ட் மாறும் வாரம் ஆகியவற்றையும் அந்த ஷீட்டிலேயே குறித்துவையுங்கள். திருத்தணியில் காவடி கூட்டம் நிற்கும்போது நகரிக்காரரிடம் டெட்லைன் பேசிப் பயனில்லை.

லீடர் யார் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நன்றாகத் தமிழ் எழுதுகிறவரையோ டெக்னிக்கல் ஆளையோ போடாதீர்கள். மெசேஜுக்கு உடனே பதில் சொல்கிற பழக்கமுள்ளவரைப் போடுங்கள். அவர் கையில் வேறு வேலை இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.

க்யூசி செய்பவர் அதுவரை அந்த ஸ்கிரிப்டைப் பார்க்காதவராக இருக்க வேண்டும். அவர் ஃபைலைத் தொடக் கூடாது, நேரத்தைக் குறித்துப் பிழையை எழுதித் தர வேண்டும். பிழையையும் ருசியையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். பிழையைத் திருத்தியே ஆக வேண்டும். ருசியில் கடைசி வார்த்தை எடிட்டருடையது, விவாதம் கிடையாது. 'இன்னா' போடலாமா 'என்ன' போடலாமா என்று ராத்திரி ஒரு மணி வரை நடக்கும் சண்டையெல்லாம் இந்த ஒரு விதியில் அடங்கிவிடும். போனில் ஒருமுறை, டிவியில் ஒருமுறை பார்க்கட்டும். வி.எல்.சி.யில் ஒழுங்காகத் தெரிகிற தமிழ், பென்டிரைவ் செருகிப் பார்க்கும் பழைய டிவியில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் போன்ற இலவச எழுத்துருக்களில் ஒன்றை எல்லோரும் வைத்துக்கொள்ளுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துக் கொண்டுவருகிறவரை யூனிகோடுக்கு மாறச் சொல்லுங்கள்.

வாரம் ஒன்று என்ற குறியை விட்டுவிடுவது நல்லது. ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முந்தி. அங்கே அட்டவணையில் 25:00 என்றிருந்தால் மறுநாள் அதிகாலை 1 மணி, நமக்கு இரவு 9:30. அதற்குச் சற்று நேரத்திலேயே பல தொடர்களுக்கு அதிகாரபூர்வ ஆங்கில சப் வந்துவிடுகிறது. 2009இல் அனிமே ஸ்ட்ரீமிங் தளமான கிரன்ச்சிரோல், டிவி டோக்கியோ சேனலின் தொடர்களை ஒளிபரப்பான கையோடு தரத் தொடங்கியபோதே ரசிகர் குழுக்களின் வேகப் போட்டிக்கு அர்த்தம் போய்விட்டது. இப்போது அங்கே சில தொடர்கள் தமிழ் டப்பிங்கிலேயே கிடைக்கின்றன. அவற்றோடு ஓடி உங்கள் ஷிப்ட் நண்பரைத் தூக்கமில்லாமல் அலைய விடுவானேன்?

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நமது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் மொழிபெயர்க்கும் உரிமையை உரிமையாளருக்கே தருகிறது. 'வீடியோ கொடுக்கலையே, சப் ஃபைல் மட்டும்தானே' என்ற வாதத்தை 2017இல் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் ஏற்கவில்லை. பணம் வாங்கவில்லை என்பதும் பாதுகாப்பாகாது. நன்கொடை என்று க்யூஆர் கோடு வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். உரிமையாளரிடம் எழுதிக் கேளுங்கள். அதற்குள் இந்த முறையை ஒருதரம் ஓட்டிப் பார்க்க, பிளெண்டர் அறக்கட்டளை 2010இல் வெளியிட்ட 'சின்டெல்' குறும்படத்தை எடுத்துக்கொள்ளலாம். பதினைந்து நிமிடத்துக்குள் முடியும், வசனம் குறைவு, பெயர் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் இருக்கிறது. அதில் ஜப்பானியம் இல்லை, எனவே உங்கள் நண்பருக்கு அந்த வாரம் லீவு. மற்ற ஏழு பேரில் யார் 'எடுத்தேன்' என்று சொல்லி ஃபைல் தருகிறார்கள், யார் கட்டைவிரலோடு நிற்கிறார்கள் என்பது அந்த ஒரு படத்திலேயே தெரிந்துவிடும். அதன் பிறகு புது ஆள் தேவையா என்று எனக்கு மறுபடி எழுதுங்கள். எழுதும்போது அந்த ஷீட்டையும் சேர்த்து அனுப்புங்கள்.