பகல் 1 மணிக்கு ஏன் கிளம்பவில்லை?

அன்புள்ள அண்ணா,

அமெரிக்காவில் ஐடஹோ மலைகளுக்குள் இருக்கும் ஜான்சன் க்ரீக் புல்தரைக்குப் பறந்துபோனது பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியவில்லை. காலையில் நல்லபடியாக இறங்கிவிட்டீர்கள். வானம் தெளிவாக இருந்தது, காற்றும் அதிகமில்லை என்கிறீர்கள். ஆனாலும் பிற்பகலில் கிளம்பாமல், கூடாரம் போட்டுத் தங்கி, மறுநாள் விடிந்ததும் கிளம்பியிருக்கிறீர்கள். ஓடுபாதை 3,400 அடி. எங்கள் விமானம் 1,000 அடிக்குள் எழும்பிவிடும். மூன்று மடங்குக்கு மேல் இடம் இருந்தும் ஏன் ஒரு நாளை விட்டீர்கள்? இறங்குவதுதானே கஷ்டம்? கூடவே இன்னொன்று: பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் விமானம் இறங்க எப்படி விடுகிறார்கள்?

இப்படிக்கு,
ஒரு பயிற்சி விமானி

அன்புள்ள தம்பி,

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஜான்சன் க்ரீக் மாநில அரசின் விமானத் துறை பராமரிக்கும் இடம், பாதுகாக்கப்பட்ட வனத்துக்கு வெளியேதான் இருக்கிறது. அதை ஒட்டிய பெரிய வனப்பகுதியை 1980-இல் சட்டம் போட்டுப் பாதுகாத்தபோது, அன்று வழக்கமாகப் பயன்பாட்டில் இருந்த இறங்குதளங்களை மாநிலத்தின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் மூடக்கூடாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அதனால்தான் சாலையே இல்லாத இடங்களில் இன்றும் விமானம் இறங்குகிறது.

சரி, இப்போது முக்கியமான கேள்வி. நீங்கள் சொல்லும் 1,000 அடி உங்கள் கையேட்டில் இருக்கிறது, தப்பில்லை. ஆனால் அது கடல் மட்டத்துக்கான எண். ஜான்சன் க்ரீக் ஏறத்தாழ 4,900 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் இயல்பான வெப்பநிலை என்று நாம் கணக்கில் வைப்பது 5 டிகிரி செல்சியஸ். அன்று பகல் 1 மணிக்கு இறக்கையின் நிழலில் வைத்திருந்த வெப்பமானி 30 காட்டியது. 25 டிகிரி கூடுதல். சூடான காற்று மெலிந்துவிடும், உயரத்தில் இருக்கும் காற்றைப் போல. அதனால் கூடுதலான ஒவ்வொரு டிகிரிக்கும் உயரத்தோடு சுமார் 120 அடி சேர்க்க வேண்டும் என்று உங்களுக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். போட்டுப் பாருங்கள், 3,000 அடி. நாங்கள் நின்றது 4,900 அடியில்தான், ஆனால் எஞ்சினுக்கும் இறக்கைக்கும் புரொப்பெல்லருக்கும் அது கிட்டத்தட்ட 8,000 அடி.

அந்தக் காற்றில் மூன்றும் ஒரே நேரத்தில் பலவீனமாகின்றன. டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கிறது. எழும்பும் வேகம், வேகம் காட்டும் மீட்டரில் அதே எண்தான், ஆனால் தரையில் அதைவிட 12, 13 சதவீதம் வேகமாக ஓடினால்தான் அந்த எண் வரும். ஓட்டம் ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். காய்ந்த புல் என்றால் இன்னும் 15 சதவீதம் சேர்க்கச் சொல்கிறது உங்கள் கையேடு. கடல் மட்டத்துப் பழக்கத்தில் மிக்ஸ்சரை (காற்றோடு கலக்கும் எரிபொருளின் அளவை மாற்றும் பிடியை) முழுக்க உள்ளே தள்ளிவிட்டுக் கிளம்பினால், இருக்கிற சக்தியிலும் கொஞ்சம் போய்விடும்.

இவ்வளவு கழித்த பிறகும் 3,400 அடிக்குள் தரையை விட்டிருப்போம். அதனால் உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். எனக்குப் பயம் ஓடுபாதைக்கு அப்புறம் இருப்பதைப் பற்றித்தான்.

அங்கே பொதுவாகத் தெற்கு நோக்கி இறங்கி, வடக்கு நோக்கி, ஓடை போகும் திசையில் கிளம்புவார்கள். புல் முடிந்ததும் பள்ளத்தாக்கு. இருபுறமும் பைன் மரங்கள் அடர்ந்த சரிவு. கடல் மட்டத்தில் நிமிடத்துக்கு 700 அடி ஏறும் விமானம், அந்தப் பிற்பகலில் அதில் பாதி ஏறினால் பெரிய விஷயம். வெயில் பட்ட சரிவில் காற்று மேலே போகும், நிழல் சரிவில் கீழே வரும். நீங்கள் நிமிடத்துக்கு 350 அடி ஏறிக்கொண்டிருக்கும்போது 500 அடி வீதம் இறங்கும் காற்றுக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? மூக்கை உயர்த்திக்கொண்டே விமானம் கீழே போகும். எதிரே நிலம் மெல்ல உயர்ந்துகொண்டே போனால் அது கண்ணுக்குத் தெரிவதுகூட இல்லை. கண் அந்தச் சரிவையே தொடுவானமாக எடுத்துக்கொள்ளும், கை தன்னை அறியாமல் மூக்கைத் தூக்கும், வேகம் கரையும்.

திரும்பிவிடலாமே என்பீர்கள். 90 நாட் (மணிக்குச் சுமார் 167 கி.மீ.) உண்மை வேகத்தில் 30 டிகிரி சாய்த்துத் திரும்பினால் வட்டத்தின் குறுக்களவு சுமார் 760 மீட்டர். 45 டிகிரி சாய்த்தால் 440 மீட்டர் போதும், ஆனால் ஸ்டால் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காத வேகம், ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும், ஏறும் சக்தியும் அந்தத் திருப்பத்திலேயே செலவாகிவிடும். பள்ளத்தாக்கின் நடுவில் பறந்தால் பாதி அகலம்தான் கைக்கு வரும். அதனால்தான் ஒரு பக்கச் சரிவை ஒட்டியே பறக்கச் சொல்கிறார்கள்.

இறங்கும்போது உங்கள் கையில் உயரம் இருக்கிறது, வேகம் இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால், ஒரு கட்டம் வரையாவது, மேலே போய்விடலாம். கிளம்பும்போது இரண்டும் இல்லை. என்னோடு வந்த இன்ஸ்ட்ரக்டர், மலைகளில் பல வருஷம் பறந்தவர், வெப்பமானியைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் கூடாரப் பையை இறக்கினார். எனக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மறுநாள் காலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். 6 டிகிரி. புல் முழுக்கப் பனித்துளி. எங்களுக்கு முன்னால் இன்னொரு 172 கிளம்பியது. அது போன பிறகு ஓடுபாதையில் நடந்தேன். பனியில் மூன்று கோடுகள் கரும்பச்சையாகத் தெரிந்தன. முதலில் நடுக்கோடு நின்றுபோனது, அது மூக்குச் சக்கரம். அதற்கப்புறம் இரண்டு கோடுகள் மட்டும் ஓடி, மெலிந்து, ஓர் இடத்தில் சட்டென்று இல்லாமல் போயின. அதற்கு மேல் தொடாத வெள்ளைப் பனி. ஆரம்பத்திலிருந்து அதுவரை எட்டி வைத்து எண்ணினேன், ஓடுபாதையின் பாதிகூட வரவில்லை. நடந்ததில் இன்னொரு லாபம், தரை அணில் தோண்டிய ஒரு குழி கண்ணில் பட்டது. முந்தைய நாள் மேலிருந்து பார்த்தபோது அங்கே வெறும் புல்தான் தெரிந்தது.

ஓடுபாதையின் நடுவுக்கு நேராக, ஓரத்தில் என் வெள்ளைத் துண்டை விரித்து அதன்மேல் கல் வைத்தோம். அங்கே தங்கியிருந்த ஒருவர் பிறகு எடுத்து வைப்பதாகச் சொன்னார். நடுப்பகுதியைத் தாண்டும்போது எழும்பும் வேகத்தில் 70 சதவீதம் வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் த்ராட்டிலை இழுத்து நின்றுவிட வேண்டும். எழும்பும் வேகம் 55 நாட் என்றால் 38, 39. இந்த 70 எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? சீராக வேகம் கூடினால், ஓடிய தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பாதித் தூரத்தில் வேகம் 0.7 மடங்கு. அதற்குக் குறைந்தால் மீதிப் பாதி போதாது. அன்று துண்டைத் தாண்டும்போது வேகம் காட்டும் மீட்டர் 50 நாட்டைத் தொட்டிருந்தது. பள்ளத்தாக்கின் வலது சரிவை ஒட்டி ஏறினோம். காற்று அசையவே இல்லை.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் கையேட்டில் கிளம்பும் தூரத்துக்கான அட்டவணையை எடுங்கள். முழு எடை, 5,000 அடி, 30 டிகிரி. அதே எடைக்கு 10 டிகிரியிலும் பாருங்கள். புல்லுக்கு 15 சதவீதம் சேருங்கள். அப்புறம் ஏறும் வேகத்துக்கான அட்டவணையில் அந்த இரண்டு நிலைக்கும் எண்ணைப் பார்த்து, 3 மைல் தூரம் போவதற்குள் எவ்வளவு உயரம் கிடைக்கும் என்று போட்டு எனக்கு அனுப்புங்கள். ஐடஹோ வரைபடத்தை வைத்துக்கொண்டு சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அண்ணன்