படுத்தால்தான் பணமா?

கேள்வி: வருஷம் தவறாமல் ஹெல்த் இன்சூரன்ஸ் பிரீமியம் கட்டுகிறேன். முழு உடல் பரிசோதனைக்கு லேபில் 3,800 ரூபாய் கொடுத்துவிட்டு பில்லை அனுப்பினால், 'அட்மிஷன் இல்லை' என்று திருப்பிவிட்டார்கள். வருமுன் காப்பதற்கும் பணம் தரவேண்டும் என்று சட்டம் போட்டால் என்ன?
– வாசகர், பாலக்கோடு

பதில்: போடத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் எடுத்த 'முழு உடல்' பேக்கேஜுக்கு அல்ல. அமெரிக்காவில் 2010-லேயே அப்படிச் சட்டம் வந்தது. நோயாளி கையிலிருந்து காசு தரவேண்டியதில்லை. ஆனால் எந்தப் பரிசோதனைக்கு என்பதை லேப்காரர் முடிவு செய்வதில்லை. பலன் உண்டு என்று நிபுணர் குழு 'ஏ', 'பி' தரம் கொடுத்தவற்றுக்குத்தான். நமக்கும் பி.பி., சர்க்கரை, 30 வயது தாண்டிய பெண்களுக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனை, தடுப்பூசி என்று குட்டிப் பட்டியல் போதும். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஃபுளோரைடு பாதிப்புக்கான பரிசோதனையையும் சேர்க்கலாம். ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய போர்வெல் தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்து வளைந்த முதுகை எந்தப் பாலிசியும் நிமிர்த்தாது. இங்கே பெரிய இன்சூரன்ஸ் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்தான். (அதற்கு பிரீமியம் ஜப்பான் கடன்!)

சட்டம் வரும்போது வரட்டும். பாலிசி புத்தகத்தை எடுத்து, விலக்குகளில் 04-ஐப் படியுங்கள்: பரிசோதனைக்காக மட்டும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பணம் கிடையாது. 'ஒரு ராத்திரி படுத்துக்கோங்க, கிளெய்ம் பண்ணிக்கலாம்' என்று யாராவது சொன்னால், மாட்டுவது இங்கேதான்.

அதே புத்தகத்தில் 'ஹெல்த் செக்-அப்' என்றும் தேடுங்கள். பல பாலிசிகளில் வருஷத்துக்கு ஒரு தடவை இருக்கிறது. பெரும்பாலும் நிறுவனத்தின் ஆப்பிலோ போனிலோ முன்பதிவு செய்து, அவர்கள் சொல்லும் லேபில்தான் எடுக்கவேண்டும். நீங்களாகப் போய் எடுத்ததுதான் கோளாறாக இருக்கும். இந்த வருஷம் விட்டதை அடுத்த வருஷம் கேட்க முடியாது. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பார்களா என்றும் கேளுங்கள்; இல்லாவிட்டால் வெறும் வயிற்றோடு தருமபுரிக்கு பஸ் ஏறவேண்டும்.

'சர்க்கரை இருப்பது தெரிந்தால் பாலிசியே போய்விடும்' என்று டெஸ்ட்டுக்கே போகாதவர்கள் உண்டு. பாலிசி எடுத்த பிறகு முதன்முதலாகக் கண்டுபிடித்தது 'முன்பே இருந்த நோய்' ஆகாது. முன்பே தெரிந்திருந்தும் படிவத்தில் மறைத்தால்தான் வம்பு.

கொடுத்த 3,800-க்கு ரசீது இருக்கிறதல்லவா? வருமான வரியில் பழைய வரிமுறையில் இருந்தால், மருத்துவச் செலவுக் கழிவில் (80டி) 5,000 வரை காட்டலாம், ரொக்கமாகக் கொடுத்திருந்தாலும் சரி. அடுத்த தடவை பி.பி., சர்க்கரை மட்டும் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போங்கள், செலவில்லை. வீடு தேடி வந்து பி.பி., சர்க்கரை பார்க்கும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில்தான்.